கடைசிக் கண்ணியை வெட்டலாமா?

நிக்காஹ் ஒன்றை நடத்திவைக்கும் பொருட்டுச் சில மாதங்களுக்கு முன் குன்றத்தூருக்குச் சென்றிருந்தோம். குத்பா ஓதி, துஆவும் முடிந்து, விருந்து தொடங்குவதற்குள் கிடைத்த சிறு இடைவேளையில் மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒரு பைத்து ஒலிக்கலாயிற்று. ஆடவர் பலர் சேர்ந்து பாடிய பழைய பதிவு அது. அதன் அடியில் யாரோ புதிதாகக் கீபோர்டு இசையைச் சேர்த்திருந்தார்கள். நமக்கு அருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், கையிலிருந்த ஷர்பத்துக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தியவாறே கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு நின்றதும் நம் பக்கம் திரும்பினார்.

“ஹஜ்ரத், இதிலே இரண்டாவதாகக் கேட்ட குரல் என்னுடையது. ஆனால் பாட்டு முடியவில்லை. கடைசிக் கண்ணியை வெட்டிவிட்டார்கள். எங்கள் உஸ்தாதுடைய பெயர் அதிலேதான் இருந்தது” என்றார்.

சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. அடக்கஸ்தலத்தின் மீஸான் கல்லை யாரோ பெயர்த்துச் சென்றுவிட்டதைக் கண்டவர் போன்ற திகைப்பே இருந்தது. விருந்து முடிந்தபின் அவருடனேயே அவர் இல்லம் சென்றோம். அன்று கேட்டவையும், அதன்பின் நாம் எண்ணிப் பார்த்தவையுமே இக்கட்டுரை.

பெரியவர் எழுபதைக் கடந்தவர். பம்மலை அடுத்த நாகல்கேணிப் பகுதியில், தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். பாட்டு அவருக்கு ஒருபோதும் தொழிலாக இருந்ததில்லை. அவருடைய இளமையில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பைத்துக் குழு வைத்திருந்தார்கள். ஒருவர் தையற்காரர், ஒருவர் மிதிவண்டிப் பழுதுபார்ப்பவர், ஏனையோர் அன்றாடக் கூலிக்குச் செல்பவர்கள். மஃரிபுத் தொழுகைக்குப் பின் ஒன்றுகூடிப் பழகுவார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்திலும், ரபீஉல் அவ்வல் மாதத்து மீலாது மேடைகளிலும், யார் அழைத்தாலும் சென்று பாடுவார்கள். கருவி என்று இருந்தது இரண்டு தஃப் மட்டுமே. கூலி கேட்டதில்லை, தேநீரும் தபர்ருக்குப் பொட்டலமும் கிடைத்தால் அதுவே நிறைவு. அவர்களுக்குப் பாட்டுகளைக் கட்டிக்கொடுத்தவர் மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே கற்பித்துவந்த உஸ்தாது ஒருவர். பள்ளிக்கூட நோட்டுகளின் பின்பக்கத்தில் எழுதித் தருவாராம். பாட்டின் இறுதிக் கண்ணியில் தம் பெயரை, ‘இந்த எளியோனையும் மன்னிப்பாயாக’ என்னும் கருத்தில் துஆவாக அமைத்துவிடுவது அவர் வழக்கம். அவர் இறையடி சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நூல் ஒன்றும் அச்சாகவில்லை.

பெயரைப் பற்றிய கட்டுரையில் அவர் பெயரை ஏன் மறைக்கின்றீர் என்று அன்பர்கள் வினவலாம். அவருடைய மக்கள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களது இசைவு இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை எழுதாமலிருப்பதே முறை.

1983ஆம் ஆண்டில் பெரியவரின் மைத்துனர் சவூதியிலிருந்து விடுப்பில் வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்தார். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்களின் வீடுகளில் அந்நாளில் இதுவே முதற்பொருள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், மகனுக்குத் தன் குரலையே கேசட்டில் பதிந்து அனுப்பிவைத்த காலம் அது. பைத்துக் குழுவினரும் தங்கள் பாட்டைப் பதியத் தொடங்கினார்கள். பதிந்ததைப் படியெடுத்து, ஊருக்கு வந்து திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவார்கள். தம்பியின் நிக்காஹுக்கு வர இயலாத அண்ணன், தம்மாமிலோ துபாயிலோ அறையில் அமர்ந்து அந்த ஊர்வலப் பாட்டைக் கேட்பான். “அங்கே கேட்டவர்கள் அழுதார்களாம் ஹஜ்ரத், அப்படிச் செய்தி வரும்” என்று பெரியவர் கூறியபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பெருமிதம் அவர் குரலில் இன்னும் இருந்தது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் இந்தக் கேசட்டை வெளியிட்டது. அதற்கு முன் ஒலிப்பதிவு என்பது பெருமளவில் இசைத்தட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. கம்பெனி தேர்ந்தெடுத்தவரே பாடகர். கேசட் வந்தபின் தையற்காரரும் கணக்குப்பிள்ளையும் தம் குரலைத் தாமே பதிந்து, தாமே பகிர்ந்துகொள்ளும் நிலை உண்டாயிற்று. இன்று கைப்பேசியில் நம் பிள்ளைகள் செய்வதன் தொடக்கம் அங்கேதான்.

நாற்பதுக்கு மேற்பட்ட அந்தக் கேசட்டுகளைப் பெரியவர் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் குன்றத்தூர் வழியாக ஓடி, திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டதை இப்பகுதியார் மறக்கமாட்டார்கள். பெரியவரின் வீட்டில் இடுப்பளவு வெள்ளம். உயிர்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். நான்காம் நாள் திரும்பிவந்து பெட்டியைத் திறந்தபோது கேசட்டுகள் சேற்றில் ஊறிக்கிடந்தன. பெரும்பாலானவற்றைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். எட்டு மட்டும், அப்போது பள்ளிச் சிறுவனாக இருந்த பேரன் ஏதோ ஆசையால் எடுத்து ஒளித்து வைத்தமையால் எஞ்சின.

நனைந்த கேசட் அழிந்துபோன கேசட் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. கேசட்டின் நாடா பாலியெஸ்டர் என்னும் நெகிழிப் படலம். அதன்மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்களில் காந்தத் தடமாகவே ஒலி நிற்கிறது. நீர் பட்டதனால் மட்டும் அந்தக் காந்தத்தடம் அழிவதில்லை. சேறும், பூஞ்சையும், அவசரமுமே அழிப்பவை. சேறு படிந்த நாடாவை அப்படியே ஓட்டினால் மணல் அதைக் கீறிவிடும். வெயிலில் காயவைத்தால் நெளிந்துபோகும். ஓட்டை மூடியிருக்கும் ஐந்து சிறு திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருளை வெளியே எடுத்து, வாலைவடிநீரில் மென்மையாக அலசி, நிழலில் நாட்கணக்கில் உலரவிட்டு, வேறொரு நல்ல கூட்டில் மாற்றியபிறகே ஓட்டவேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா உண்டு. அகலமோ 4 மில்லிமீட்டர்கூட இல்லை. பேரன் கல்லூரிக்குச் சென்றபின் இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டு, எட்டில் ஆறைப் பேசவைத்துவிட்டான். மார்க்கக் கல்வி மட்டுமே கற்ற நமக்கு இந்த நுட்பங்களை ஒரு மாலை முழுவதும் பொறுமையாக விளக்கியவனும் அவனே. பழைய கேசட் வைத்திருக்கும் வீட்டாருக்குப் பயன்படும் என்றே இவ்வளவு விரிவாக எழுதினோம்.

பேசவைத்தபின் அவன் செய்ததுதான் கதையின் மறுபாதி. “நன்னாவின் குரல்” என்று மட்டும் தலைப்பிட்டு, பாட்டுகளை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் பகிர்ந்துவிட்டான். எழுதியவர் யார், பாடிய எண்மர் யார், எந்த ஆண்டு, எந்த வீட்டு நிக்காஹ் என்பன ஒன்றும் இல்லை. கேட்டவர்களுக்குப் பாட்டுப் பிடித்துப்போயிற்று. கையிலிருந்து கைக்கு மாறி, தாம்பரம் பக்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடம் சென்றது. அவரும் தொழில்முறை இசைவாணர் அல்லர். படித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கீபோர்டு வாசிப்பவர். அவர் தம் இசையைச் சேர்த்தார். ஒரு நிமிடத்திற்குள் அடங்கவேண்டும் என்று இறுதிக் கண்ணியை நீக்கினார். தம் பெயரைப் போட்டு வெளியிட்டார். அந்த வடிவமே குன்றத்தூர் மண்டபத்தில் ஒலித்தது.

இசைக்கருவிகள் கூடுமா கூடாதா என்னும் வினா இவ்விடத்தில் எழும். மத்ஹபுகளின் இமாம்களில் பெரும்பாலோர் நரம்புக்கருவி முதலியவற்றை வெறுத்து விலக்கியுள்ளார்கள். ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) அவற்றை விலக்குவதற்குக் காட்டப்படும் அறிவிப்புகள் வலுவற்றவை என வாதிட்டார். இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தம் இஹ்யாவில் இதற்கென ஒரு பகுதியே ஒதுக்கி, பாட்டின் பொருள், கேட்பவர் நிலை, காலம், இடம் ஆகியவற்றைச் சீர்தூக்கி எழுதியுள்ளார்கள். இவ்விவகாரத்தை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் பெருநாளன்று சிறுமியர் இருவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் பாடியபோது ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்துகொள்ள, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடுமாறு கூறியதைப் புகாரியில் காண்கிறோம். ருபய்யிஃ (ரலி) அவர்களின் மணநாளில் தஃப் கொட்டிப் பாடிய பெண்பிள்ளைகளில் ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே உள்ளார் என்ற பொருளில் ஓரடியைச் சேர்க்க, பெருமானார் அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடச் சொன்னார்கள். அவர்கள் பாட்டின் சொல்லை எவ்வளவு கூர்ந்து கேட்டார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அந்தச் சிறுமியர் யாவரும் இன்றைய வழக்கில் தொழில்முறை அல்லாத பாடகியரே.

நம் உள்ளத்தை உறுத்தியது வேறொன்று. மதரஸாவில் ஹதீஸ் ஓதிய காலத்தில் எங்களுக்கு முதற்பாடம் இஸ்நாத். இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று தொடரும் அறிவிப்பாளர் வரிசை இல்லாமல் ஒரு சொல்லும் ஏற்கப்படமாட்டாது. இஸ்நாது மார்க்கத்தின் ஒரு பகுதி என்றும், அது இல்லாதிருப்பின் யாரும் எதையும் சொல்லிவிடுவர் என்றும் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கேட்டதையெல்லாம் அப்படியே பிறருக்குச் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதும் என்ற கருத்திலும் நபிமொழி உண்டு. வந்ததை விரலால் தட்டி அடுத்தவருக்கு அனுப்பிவிடும் இன்றைய பழக்கத்தைக் காணும்போதெல்லாம் இந்த ஹதீஸே நம் நினைவுக்கு வருகிறது.

ஒரு பாட்டுக்கும் இஸ்நாது வேண்டுமா என்று கேட்பார் உண்டு. ‘ஸமாஉ’ என்னும் அரபுச் சொல்லைப் பாருங்கள். கேட்டல் என்பது பொருள். ஸூஃபியாக்கள் பாட்டுக் கேட்பதற்கும் அதுவே பெயர். ஹதீஸ் அறிஞர்கள் ஆசிரியர் முன்னிலையில் நூலைக் கேட்பதற்கும் அதுவே பெயர். திமிஷ்க் நகரத்தில் ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஓதிக் கேட்கப்பட்ட கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களிலும் ஈற்றிலும் ‘ஸமாஉ’ப் பதிவுகள் உள்ளன. ஓதியவர் யார், எந்த இடம், எந்த நாள், கேட்டவர் யாவர் என்று பெயர் பெயராக எழுதினார்கள். தந்தையுடன் வந்த சிறுவனின் வயதுகூட அதில் இருக்கும். இடையில் எழுந்து போனவரையும் கண்ணயர்ந்தவரையும்கூடக் குறித்துவைத்தார்கள். பெரிய அறிஞர்கள் மட்டுமல்லர். கைவினைஞரும் கடைக்காரரும் அந்தப் பட்டியல்களில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

பாட்டுக்கென்றே இஸ்நாது எழுதியவரும் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி தொகுத்த கிதாபுல் அகானி, அச்சில் இருபதுக்கு மேற்பட்ட பாகங்களாக விரியும் பெருநூல். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்களிலிருந்து தொடங்கி, கவிதையை இயற்றியவர், மெட்டமைத்தவர், அது எந்தத் தாள வகை என்றெல்லாம் சொல்லி, அச்செய்தி தமக்கு யார் வாயிலாக வந்தது என்ற வரிசையையும் தருகிறார். அதில் உள்ள கேளிக்கைக் கதைகள் பலவற்றை நம் உலமாக்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நாமும் அவற்றுக்காக அந்நூலைப் புகழவில்லை. அந்தப் பாடல்களின் இசை இன்று எவர் காதிலும் இல்லை. ஆயினும் இன்னாருடைய பாட்டு என்பது மட்டும் ஆயிரம் ஆண்டுகளாக அழியவில்லை.

தமிழ் மண்ணுக்கும் இது புதிதன்று. நாம் நின்று பேசிக்கொண்டிருக்கும் இதே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் சோழமன்னன் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். சைவ அடியார்களின் வரலாறாக அவர் பாடிய பெரியபுராணத்தில், எந்தப் பதிகம் எந்த ஊரில், எந்த நிகழ்ச்சியை ஒட்டிப் பாடப்பெற்றது என்று இடந்தோறும் சொல்லிச் செல்கிறார். சமயத்தால் நாம் வேறானவர். எனினும் ஹதீஸ் கலை பயின்ற கண்ணோடு படித்தால், பாட்டைப் பாடியவரிடமும் பாடிய இடத்திடமும் மீளக் கொண்டுசேர்க்கும் அந்த அக்கறை புலனாகாமல் போகாது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் முடிவில் தம் பெயரையும் ஊரையும் சொல்லி முத்திரையிடுவார். திருக்கடைக்காப்பு என்பது அதன் பெயர். வடசென்னையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு (மறைவு 1838) அவர்களும் குணங்குடி என்னும் தம் ஊர்ப்பெயரைப் பாட்டுக்குள்ளேயே பதித்துவைத்தார்கள். ஏடு கிழியலாம், எழுதுவோன் தவறலாம். பாட்டோடு பின்னிய பெயர் பாட்டு உள்ளவரை போகாது என்பதே அந்த ஏற்பாடு. நம் மக்தப் உஸ்தாதும் இதே மரபில்தான் இறுதிக் கண்ணியில் தம் பெயரை வைத்தார். இக்காலக் கத்தரிக்கோல் முதலில் வெட்டுவது எதுவென்று அவர் எப்படி அறிந்திருப்பார்!

ஒலிப்பதிவு இந்தியாவுக்கு வந்த முதல் நாட்களிலும் இந்தக் கவலை இருந்தது. 1902இல் கல்கத்தாவில் பதிவுசெய்த பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரை உரக்கச் சொல்வார். மெழுகுத் தட்டு கடல்கடந்து ஜெர்மனியில் ஹனோவர் நகருக்குச் சென்று அங்கே அச்சாகும். அங்குள்ள தொழிலாளி எந்தக் குரல் யாருடையது என்று அறியவேண்டுமல்லவா? அன்றைய தட்டு மூன்று நிமிடமே ஓடும். அதிலும் பெயருக்கு இடம் இருந்தது.

தொழில்முறை அல்லாதார் பதிந்துவைப்பதன் அருமைக்கு வேறொரு சான்று சொல்வோம். திருமறை ஓதுதல் பாட்டு அன்று, இரண்டையும் ஒன்றாக்கவேண்டாம். ஒலிப்பதிவைப் பற்றிய செய்தி என்பதால் குறிப்பிடுகிறோம். போனோகிராஃப் என்னும் பொறியில் திருமறையைக் கேட்பது குறித்து, இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவில் ஸையித் உஸ்மான் என்னும் முஃப்தி 1899இலேயே ஃபத்வா எழுதினார். அத்தகைய தயக்கங்கள் நெடுநாள் நீடித்தன. 1934இல் எகிப்திய வானொலி தொடங்கியபோது முதலில் ஓதிய காரீ முஹம்மது ரிஃப்அத் அவர்களும் அஸ்ஹரின் ஷைகிடம் கேட்டுத் தெளிந்தபிறகே ஒலிவாங்கி முன் அமர்ந்தார்கள். குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர், 1950இல் மறைந்தார். அவர் குரலில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் கணிசமானவை, ஸகரிய்யா மிஹ்ரான் பாஷா என்னும் அன்பர் வானொலியில் கேட்டபோது தம் வீட்டிலேயே தட்டுகளில் பதிந்துவைத்தவை. பற்றினால் ஒருவர் செய்த வேலை இல்லையேல் அந்தக் குரலின் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும்.

நம் தமிழகத்துக்கு வருவோம். இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்கள் (1925–2015) முறைப்படி சங்கீதம் பயின்றவர் அல்லர். சிறுவயதில் நாகூரில் பைத்து சபாவோடு ஊர்வலங்களில் பாடித் தொடங்கியவர். அதாவது நம் பெரியவரின் எண்மர் குழுவைப் போன்ற ஒன்றிலிருந்து எழுந்தவர். அவர் குரலில் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாட்டு ஒலிக்காத இஸ்லாமிய விழா உண்டா? பிற சமயத்தாரும் விரும்பிக் கேட்கும் பாட்டு அது. அதை எழுதியவர் ஆர். அப்துல் ஸலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பாடியவர் புகழுக்கு இதனால் குறை ஒன்றும் வரப்போவதில்லை. எழுதியவருக்கு மட்டுமே இழப்பு.

பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில் அழகிய கண்ணி ஒன்றை எடுத்தோதி, இது குணங்குடியார் வாக்கு என்று முழங்கினோம். கூட்டம் முடிந்து இறங்கியதும் முதியவர் ஒருவர் கையைப் பற்றி, “அது என் தகப்பனார் எழுதினது ஹஜ்ரத்” என்று மெல்லச் சொன்னார். யாரோ சொல்லக் கேட்டதைச் சோதிக்காமல் சொல்லிவிட்டோம். மேடைக்கு மீண்டும் ஏறித் திருத்தியிருக்கவேண்டும், வெட்கத்தால் ஏறவில்லை. அந்தப் பெரியவரை அதன்பின் காணவும் இல்லை.

நாட்டுச் சட்டமும் இதில் பேசாமல் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதியவருக்கு வாழ்நாளும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அதன்பின் வந்த திருத்தங்களால் பாடியவருக்கும் நிகழ்த்துவோர் உரிமையாக 50 ஆண்டுகள் உண்டு. அச்சேறாத மக்தப் உஸ்தாதுக்கும் இது பொருந்தும். எனினும் பெரியவர் சட்டத்தை நினைக்கவில்லை. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுவதையே அவர் நினைவூட்டினார்.

அந்த அமானிதத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. எஞ்சிய கேசட்டுகளில் ஒன்றில் பெரியவரின் தாயார் பேரக்குழந்தைக்குப் பாடிய தாலாட்டு இருக்கிறது. உடன் வீட்டுப் பெண்கள் சிலரின் சிரிப்பும் குரலும். பேரன் அதையும் வெளியிட எண்ணியிருந்தான். பெரியவர் தடுத்துவிட்டார். “உம்மா வீட்டாருக்கு முன்னால் பாடினார்கள். ஊருக்கு முன்னால் பாடவில்லை” என்றார். பதிந்ததெல்லாம் பகிரவேண்டியது என்று எண்ணும் தலைமுறைக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடிக்கும். பேரனுக்கு அன்று விளங்கவில்லை, முகம் வாடிவிட்டது. இப்போது அந்தக் கேசட் தனியே, பெட்டகத்தில்.

தாம்பரத்து இளைஞரைப் பேரன் வழியாகத் தேடி அழைத்தோம். பயந்துகொண்டே வந்தார். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இல்லை. யாருடையது என்று தெரியாமல் வந்தது, அதனால் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். பெரியவர் வெட்டுப்பட்ட கண்ணியை அவருக்குப் பாடிக்காட்டினார். குரல் நடுங்கிற்று, சுருதி மட்டும் விலகவில்லை. இளைஞர் அதைத் தம் கைப்பேசியில் பதிந்துகொள்ளலாமா என்று அனுமதி கேட்டுப் பதிந்தார். பழைய பதிவை அன்றே நீக்கிவிட்டார். உஸ்தாதின் மக்களிடமிருந்து இசைவு வந்ததும், முழுப்பாட்டையும் எல்லாப் பெயர்களுடனும் வெளியிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கீபோர்டு இருக்குமா என்று பெரியவர் கேட்டதற்கு, இருவரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு தஃபே போதும் என்றோம்.

இப்போது பெரியவரும் பேரனும் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கேசட்டையும் ஓடவிட்டு, எழுதியவர், பாடியவர்கள், எந்த வீட்டு விசேடம், ஆண்டு, பதிந்தவர் என்று நிரப்பிவருகிறார்கள். முன்பின் தெரியாத இடத்தில், ஹதீஸ் நூல்களில் அறிவிப்பாளரின் ஐயம் என்று குறிப்பதைப்போல, ‘ஐயம்’ என்றே எழுதச் சொல்லியிருக்கிறோம். மூன்றாம் கேசட்டின் தொடக்கத்தில், பாட்டு எழுவதற்கு முன், “சுவிட்சைப் போட்டாச்சா?” என்று ஒருவர் கேட்கிறார். அது உஸ்தாதின் குரல். அவர் பேசிப் பதிவானது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் நேரத்தோடு நோட்டில் எழுதியிருக்கிறார்கள்.

எண்மரில் ஏழு குரல்களைப் பெரியவர் அடையாளம் கண்டுவிட்டார். ஐந்தாம் கேசட்டில் மட்டும், இரண்டு பாட்டுகளுக்கு மேல்ஸ்தாயியில் சேர்ந்து பாடும் இளங்குரல் ஒன்று எவருடையது என்று தெரியவில்லை. யாரென அறியப்படாத அறிவிப்பாளரை ஹதீஸ் கலையில் ‘மஜ்ஹூல்’ என்போம். நோட்டில் அந்த இடத்தில் பேரன் தமிழெழுத்தில் ‘மஜ்ஹூல்’ என்று எழுதிவைத்திருக்கிறான். குழுவில் தையற்காரராக இருந்தவர் இன்னும் பல்லாவரத்தில் இருக்கிறார்; பார்வை மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறதாம். இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் கேசட்டை எடுத்துக்கொண்டு மூவரும் அவரிடம் போகிறோம்.